புத்தகப் பாடு

போன மாதம் நம் பத்தாம் வகுப்புக்காரர்கள் பொன்னேரியில் கூடினோமே, அன்று சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு எங்கெங்கோ போய் மாத நாவல்களில் வந்து நின்றது. பஸ் நிலையத்துக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்தச் சின்னப் புத்தகங்கள். கொலை, பேய், மந்திரவாதி, காதல். நம்மில் ஒருவர், இப்போது தலைமையாசிரியராக இருப்பவர், "அந்தக் குப்பையெல்லாம் படிச்சுத்தான் நம்ம ஜனம் உருப்படாம போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் இலையில் ஓடிய ரசத்தைத் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பிலும் நான் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பேச வேண்டிய நேரத்தில் எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது எல்லாப் பதிலும் வரிசையாக வரும்.

இது அப்படி வந்த பதில்தான். கோபத்தில் எழுதவில்லை. அந்த நாவல்கள் மேல் எனக்கு நன்றி இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு, நான் ஏழாவது படித்த வருடத்து மழைக்காலத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பம் பசியாவரத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்குள் இருந்த ஒரு மணல்திட்டு. படகு ஏறிப் பழவேற்காட்டுக்கு வந்தால்தான் பள்ளிக்கூடம், பஸ், மருந்து எல்லாம். ஊருக்குள் முதலில் நாவல் கொண்டுவந்தவள் கடைசி வீட்டுப் புதுப்பெண். பொன்னேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் நாவல்களாக இருந்தன. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஊர் அவளைப் புதுப்பெண் என்றுதான் கூப்பிட்டது. அவள் கொண்டுவந்ததைப் படித்து முடித்ததும் எல்லோருக்கும் ருசி பிடித்துவிட்டது. பெரியம்மா, அதாவது என் நைனாவின் அண்ணன் மனைவி, கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போகிறவள். அவள் மாதம் ஒரு நாவல் வாங்கி வர ஆரம்பித்தாள். வெறும் கூடைக்கு அடியில் போட்டுக் கொண்டுவருவாள். பிரித்தால் முதலில் கருவாட்டு வாசனை வரும், அப்புறம்தான் அச்சு மை.

ஒரே புத்தகம், கேட்கிற வீடுகள் நிறைய. சண்டை வராமல் இருக்குமா? ஒருத்தி மாதக் கடைசி வரை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்பாள். எதிர் வீட்டு அத்தையின் ஆடு ஒரு நாவலின் நடுப்பகுதியை மென்றுவிட, கதாநாயகி எப்படி லண்டன் போனாள் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் பெரியம்மா புத்தகத்துக்கும் பாடு வைத்தாள்.

உங்களில் கரைக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் அடிதடி ஆகிவிடும். அதனால் ஆண்கள் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னார் வலைக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டவனை ஊர் சும்மா விடாது. பெண்கள் அதையே எடுத்துப் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பேர் எழுதத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் வீட்டுக்கு ஒரு பொருள். ஒருத்திக்கு ஹேர்பின், ஒருத்திக்குப் புளியங்கொட்டை, ஒருத்திக்குச் சோழி. அம்மா நைனாவின் பழைய சட்டையிலிருந்து ஒரு நீலப் பொத்தானைப் பிய்த்துப் போட்டாள். எல்லாவற்றையும் பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, நடக்கத் தெரியாத ஒரு குழந்தையின் கையை உள்ளே விட்டு எடுக்கச் சொல்வார்கள். வரும் வரிசையில் புத்தகம் வீடு வீடாகப் போகும்.

சட்டமும் உண்டு. படித்து முடித்தவள் முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த மாதம் அவளுக்குப் பாடு இல்லை. ஆனால் புத்தகத்தை அடுத்த வீட்டில் கொடுக்கும்போது வாசலில் நின்று கதை எப்படி என்று ஒரு கருத்துச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கருத்துகளுக்காகவே நான் வாசலில் காத்திருப்பேன்.

"ஷோக்கா கீது, ஆனா அந்த டிடெக்டிவுக்கு வூடு வாசலே இல்ல போல. எப்பப் பாத்தாலும் அடுத்தவன் வூட்ல காபி குடிக்கறான்."

"நாப்பது பக்கம் பீச்சுல குந்தி அழுவறா. அழுதுக்கினே இருந்தா ஒல யாரு வெப்பா? பேஜாரு கத."

எதிர் வீட்டு அத்தைக்கு மந்திரவாதிக் கதைகள்தான் பிடிக்கும். நைனாவின் பெரியப்பா மகள் அவள். பறக்கும் குதிரை, பேசும் பாம்பு, ஏழு தீவு தாண்டி இளவரசி என்றால் ஆட்டைக்கூடக் கட்ட மறந்துவிடுவாள். "கொல பண்றதுக்குப் புஸ்தகம் இன்னாத்துக்குமே? அதத்தான் தெனம் ரேடியோவுல சொல்றானே. பாம்பு பேசறத எவன் சொல்றான்?" என்பாள். புதுப்பெண்ணுக்குக் காதல் கதை. பெரியம்மா எதையும் விடமாட்டாள், ஆனால் முத்தம் கொடுக்கிற பக்கம் வந்தால் படிக்கிற பிள்ளையை நிறுத்தி, "அத வுட்டுட்டு அந்தாண்ட போ" என்பாள். அவளுக்குப் படித்துக் காட்டும் அவள் மகன் அதைத் தாண்டி, தனக்கு மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்வான்.

அட்டைப்படங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு ஆண்கள் பார்த்தால் வம்பு என்று பெரியம்மா பழைய காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டுவிடுவாள். எங்கள் ஊர்க் கொலை நாவல்களுக்கெல்லாம் முருகன், லட்சுமி, மயில்மேல் பாலமுருகன். ஒருமுறை என் பைக்குள் இருந்த புத்தகத்தை நம் வகுப்பு ஆசிரியை வெளியே எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. முருகன் படத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்து, "பாருங்க, இந்த வயசுல எவ்வளவு பக்தி" என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னார். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஒரு பாங்க் மேனேஜரைத் தலையணையால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் பாடு வரும் நாட்களில் சாயங்காலம் அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துக்கொண்டு நான் படிப்பேன். அவள் உயிர் நண்டுகளின் கொடுக்கைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டே கேட்பாள். திடீரென்று கை நிற்கும்.

"அந்த எடத்த திருப்பிப் படி."

"எந்த எடம்மா?"

"வக்கீலு கொட எடுத்துக்கினு வந்தானே. அன்னிக்கு மழயே இல்லன்னு முன்னாடி படிச்சியே?"

நான் தேடிப் படிப்பேன். "இவந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நண்டை எடுப்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஊரில் அவளுக்குப் போலீசு என்று பேர் வைத்தார்கள். நான் வாய் விட்டுப் படித்தது அவள் ஒருத்திக்காகத்தான். நைனா தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கதை கேட்பதாக ஒத்துக்கொள்ளவே மாட்டார். பரீட்சை என்று நான் ஒரு நாள் படிக்காமல் இருந்தபோது அவர்தான் முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா, இன்னிக்கு அவன் கெணத்துல எறங்கலியா?"

ஐப்பசி மழை பிடித்த புதிதில் நைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. படகில் பழவேற்காட்டுக்கும், அங்கிருந்து பொன்னேரிக்கும் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது நைனாவுக்கு உயிர் இல்லை. இதை இதற்குமேல் எனக்கு எழுத வராது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது. எங்கள் ஊர் வழக்கம் அது, எங்களுக்கென்று புதிதாகச் செய்ததில்லை. "வூட்டுக்கு மீனு, எறாலு கொறையில்லாம வந்துடும்மா" என்றார்கள். அம்மா தலையாட்டினாள். அழவில்லை.

சில நாள் கழித்துப் பெரியம்மா வந்தாள். முந்தானையை அவிழ்த்து அந்த நீலப் பொத்தானை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "இத நீயே வெச்சிக்க" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுவும் போச்சி" என்றாள்.

எது என்று எனக்கு அன்று புரியவில்லை. அடுத்த சில நாட்களில் எதிர் வாசலில் சொம்பு குலுங்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டபோது புரிந்தது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. புதிய நாவல் வந்திருந்தது. புத்தகம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறபோதெல்லாம், கொண்டுபோகிறவள் அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். ஓலைத் தட்டியின் சந்தில் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன். சாயங்காலங்களில் விளக்கு எரிந்தது, படிக்க ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவளாக அம்மா ஆகிவிட்டாள்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். ரொம்ப நல்ல மனிதர். ஒரு மூட்டை அரிசியும் எனக்கு ஒரு பாவாடைத் துணியும் கொண்டுவந்தார்.

"இங்க யாருக்கோசரம் கீற? எங்கூட வந்துடு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சரிண்ணே" என்றாள் அம்மா. அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

"பொண்ணு எத்தினாவது?"

"ஏழாவது."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும். அங்க எறா உரிக்கற கொட்டாயில பொண்ணுங்களுக்கு வேல கீது."

தை பிறந்ததும் படகோடு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மார்கழி முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் உங்களையெல்லாம் கடைசியாகப் பார்க்கிறேன் என்ற நினைப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா நைனாவின் வலைகளைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பூவரச மரம் இருந்தது. மழை விட்ட நாட்களில் மத்தியானம் பெண்கள் அதன் நிழலில் இறாலைக் கொட்டிப் பெரிசு சிறிசு பிரிப்பார்கள். அப்போது வாய் நாவலிலேயே இருக்கும். அந்த மாதக் கதையில் தோப்பு பங்களாவின் முதலாளி கிணற்றில் செத்துக் கிடக்கிறார். பெண்டாட்டி, டிரைவர், சமையல்காரி, பட்டணத்திலிருந்து வந்த தங்கை புருஷன் என்று நான்கு பேர் மேல் சந்தேகம். பாடு இன்னும் பாதி வீடுகளுக்குப் போகவில்லை. ஒரு நாள் சண்டை முற்றிவிட்டது.

"டிரைவர்தான்மே" என்றாள் அத்தை. "காரு சாவி அவங்கையில. செருப்புல சேறு. இன்னும் இன்னா வோணும்?"

"நீ பாதி கூடத் தாண்டல, அதுக்குள்ள தீர்ப்பா?" என்றாள் பெரியம்மா.

"எனுக்குப் பாதி போதும். ஏய் புதுப்பொண்ணு, நீ முழுக்கப் படிச்சவதானே, ஏன் இளிக்கற? டிரைவர்தானே?"

"நான் சொல்ல மாட்டேம்பா, அடுத்த மாசம் பாடு போயிடும்."

"அப்ப டிரைவர்தான். மூஞ்சப் பாரு, டிரைவர்னு எழுதி ஒட்டிக் கீது."

"டிரைவர் இல்ல" என்று தட்டிக்கு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி புருஷன்."

புதுப்பெண்ணின் மடியிலிருந்த முறம் கவிழ்ந்து இறால் மணலில் கொட்டியது. அவள் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது.

"ஐயையோ, கதய ஒடச்சிட்டாளே!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். இறால் கையோடுதான்.

"யாருடி அவளுக்குச் சொன்னது?" என்று பெரியம்மா எழுந்தாள்.

"சாமி சத்தியமா நான் இல்லக்கா!" என்றாள் புதுப்பெண்.

எல்லோரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பொண்ணுதான். நம்ப வூட்டுப் பசங்ககூட வெளையாடற சாக்குல கடேசி பக்கத்தப் பாத்துட்டு வந்து சொல்லிக் கீது" என்றாள் ஒருத்தி. எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். நைனா போன பிறகு அவள் பகலில் எல்லோர் முன்னாலும் வந்தது அதுதான் முதல் தடவை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அவ மேல பழி போடாதீங்க. யாரும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. தெனம் எங்க வூட்டாண்ட குந்திக் கத்திக்கினு கீறீங்க, எனுக்குக் காது இல்லியா?"

"நாங்க முடிவச் சொல்லலியே?"

"முடிவு எதுக்கு? புருஷன் செத்த வூட்டுக்கு எல்லாரும் வந்து அழுவறான், துக்கம் கேக்கறான். அவன் ஒருத்தன் மட்டும் வந்ததும் வராததுமா, 'இந்த வூட்ட வுட்டுடு, எங்கூட வந்துடு, நான் பாத்துக்கறேன்'றான். அந்த வூட்ல அவனுக்கு இன்னாவோ வேல கீது. அவந்தான்."

பெரியம்மாதான் பேச்சை லேசாக்கப் பார்த்தாள். "போலீசு போலீசுதான். ஆனா மொறன்னா மொற. படிக்காதவங்க முன்னாடி முடிவச் சொல்லிட்ட. அடுத்த மாசம் உனுக்குப் பாடு இல்ல, போ."

"இல்லாத பாட்ட எப்டிக்கா புடுங்குவ?" என்றாள் அம்மா.

"இன்னா சொல்ற?"

"நீதானே பொத்தான கொண்டாந்து குடுத்த. ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஏரில பாடு இல்ல. புஸ்தகத்துலயும் இல்லன்னு ஆயிட்டுது. வழக்கம்னா வழக்கம்தான், நான் கேக்கல."

பெரியம்மா நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி. அது அவன் சட்டப் பொத்தான்டி. அப்ப அவன் செத்து ஒரு மாசம் ஆவல, அதச் சொம்புல போட்டு லொடலொடன்னு குலுக்க எனுக்குக் கை வருமா? நீ வெச்சிக்கணும்னுதான் கொண்டாந்தேன். துக்க வூட்ல போயி கொலகாரன் கதயப் படின்னு எப்டிக் குடுக்கறது? கொஞ்ச காலம் போவட்டும்னு இருந்தோம்."

"உங்க வூட்டத் தாண்டறப்ப முந்தானில மறச்சிக்கினு போவேன் அண்ணி" என்றாள் அத்தை. "நாங்க மஜாவா கத படிக்கறோம்னு நீ மனசு நோவக் கூடாதுன்னு."

"பாத்தேன்" என்றாள் அம்மா.

"பாத்தியா? பாத்துட்டா சும்மா இருந்த? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? ஏன்டி எனுக்கு இல்லன்னு ஒரு வார்த்த கேட்டா இன்னா?" அத்தைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "ஆமா, வூட்ட வுட்டு வந்துடுன்னு கூப்புடறவன்தான் கொலகாரன்னா, அப்ப உங்க அண்ணனயும் புடிச்சி உள்ள போடணும்."

எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவே அழுகையாகி, பெரியம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கொட்டிய இறாலை ஒரு காக்கை எடுத்துக்கொண்டு போனதை யாரும் விரட்டவில்லை.

அன்று சாயங்காலமே மீதி இருந்த வீடுகளுக்கு மறுபடி குலுக்கினார்கள். பெரியம்மா அம்மாவுக்காக ஒரு கிளிஞ்சலைப் போட வந்தாள். அம்மா உள்ளே போய்ப் பொத்தானையே எடுத்துக்கொண்டு வந்தாள். "இதே இருக்கட்டும்க்கா. குலுக்கு. அவருக்குக் கத கேக்கப் புடிக்கும், ஒத்துக்க மாட்டாரு" என்றாள். குழந்தை அதைக் கடைசியாக எடுத்தது. எல்லா வீடும் சுற்றி முடிந்த பிறகுதான் எங்களுக்கு.

தை பிறந்தது. புத்தகம் எங்களுக்கு வருவதற்கும் மாமா படகோடு வருவதற்கும் சரியாக இருந்தது. சாக்கு மூட்டைகள் அவிழாமல் அப்படியே இருந்தன.

"கெளம்பலாமா?" என்றார் மாமா.

"இன்னிக்குத்தாண்ணே புஸ்தகம் வந்துது. கேட்டுட்டு வர்றேன்."

"இன்னா புஸ்தகம்?"

அத்தை குறுக்கே விழுந்து கதையைச் சொன்னாள். மாமா பொறுமையாகக் கேட்டார். "அதான் கொலகாரன் யாருன்னு நீயே கண்டு புடிச்சிட்டியாமே. அப்புறம் இன்னா?"

"யாருன்னு தெரியும்ணே. எப்டி மாட்டிக்கினான்னு தெரில."

மாமா அன்று தங்கினார். விளக்கேற்றினதும் நான் புத்தகத்தை எடுத்தேன். அம்மாவையும் நைனாவையும் தவிர வேறு யார் முன்னாலும் நான் படித்ததில்லை. "சத்தமாப் படிம்மா" என்றார் மாமா. சும்மா உட்கார வந்தேன் என்று பெரியம்மா வந்தாள். அத்தையும் வந்தாள். முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். கிணற்றடியில் டார்ச் அடிக்கும் இடம் வந்தபோது எனக்கு என் குரலே மறந்துபோனது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மாமாவின் வாய் பாதி திறந்திருந்தது. கதை பாதி தாண்டும் முன் விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. படகு இரவல் படகு. காலையில் காற்று ஏறும் முன் போயாக வேண்டும் என்று மாமா தனியாகவே கிளம்பினார். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார்.

அந்த நாவலை எழுதியவர் எங்கள் குப்பத்தைப் பார்த்திருக்க மாட்டார். அவர் பெயர்கூட எனக்கு ஞாபகம் இல்லை, முருகன் அட்டைக்கு அடியில் இருந்தது. கதையும் பெரிய கதை என்று சொல்ல மாட்டேன். அதில் கிணறு இருந்த இடம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது என்று பெரியம்மாவே குறை சொன்னாள். ஆனால் நல்ல எண்ணத்தோடு பேசாமல் இருந்த பெண்களையும், மானத்தோடு கேட்காமல் இருந்த அம்மாவையும் பேச வைக்க அந்தக் கதையால் முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்த பெரியவர்கள் எத்தனையோ நல்ல வார்த்தை சொன்னார்கள். அம்மாவை எழுப்பி வெளியே கொண்டுவந்தது, "டிரைவர்தான்மே" என்ற ஒரு தப்பான தீர்ப்பு. தப்பைத் திருத்தாமல் அவளால் இருக்க முடியவில்லை. புத்தகங்கள் எல்லாம் பிற்பாடு வந்த ஒரு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. சொம்பு யார் வீட்டுக்குப் போனது என்று தெரியவில்லை. ஆனாலும் அவற்றைக் குப்பை என்று யாராவது சொல்லும்போது என் மனது ஒப்பவில்லை.

மாசியில் மாமா மறுபடி வந்தார். அப்போது அம்மா வீட்டில் இல்லை. புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் சந்தைக்கா என்று சிலர் பேசியும், பெரியம்மா கேட்காமல் அவளைக் கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் படகில்தான் அவர்களும் திரும்புவார்கள். அன்று மூன்று பேரும் இறங்கியபோது மாமா கரையில் நின்றிருந்தார். அம்மாவின் இடுப்பிலிருந்த வெறும் கூடையைப் பார்த்தார். அதற்குள் கிடந்த புது நாவலைப் பார்த்தார். என் தோளில் இருந்த புத்தகப் பையைப் பார்த்தார்.

"எப்டி மாட்டிக்கினான் அவன்?" என்றார்.

"வூட்டுக்கு வாண்ணே, சொல்றேன்."

வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்து, காலில் மண்ணைக்கூடக் கழுவாமல் அம்மா சொன்னாள். தங்கை புருஷன் வண்டி கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறான். எல்லாப் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. முதலாளியின் பெண்டாட்டி மட்டும் ஏறவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறாள். அதில் அவனுக்குப் பதற்றம் வந்து, வாய் உளறி, தானாகவே மாட்டிக்கொள்கிறான்.

மாமா மீசையைத் தடவிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். கதை எப்படி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"அந்தப் பொம்பள வண்டி ஏறாம இருந்தா பாரு, அது சரி."

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு அம்மா அவருக்குச் சோறு வடிக்க உள்ளே போனாள்.